எதிரெழுத்து

தில்லியில் யார் செத்தாலும்
எனக்குத்தான் உளி தீட்டும் வேலை.

கோட்டைக்குள் அக்கசாலை, வடக்குச் சுவரோரம் என் பட்டறை.
முன்ஷி காசிம் அலி காகிதத்தில் எழுதித் தருவார்,
பாரசீகம், வலமிருந்து இடம்.
நான் எஃகில் அதைத் திருப்பி வெட்டுவேன்,
கண்ணாடியில் பார்த்தது போல.
படிக்க வராது எனக்கு.
கொக்கி, புள்ளி, ஒரு படகு, மறுபடி புள்ளி.
பாதுஷாக்களை நான் முதுகுப்பக்கமாகவே அறிவேன்.

சித்திரை வெயிலில் ஒரு புதுப்பெயர் வந்தது.
பழையவரின் கண்ணைக் குத்திச் சிறையில் போட்டார்களாம்.
தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான் ஓட்டக்காரன்.
பன்னிரண்டு நாளில் வெட்டி, சிவக்கக் காய்ச்சி,
எண்ணெயில் தோய்த்தேன்.
ஆவணியில் அடுத்த பெயர்.
முந்தியவருக்கு நெஞ்சில் சளியாம், இருபது வயதுகூட இல்லையாம்,
என் மைத்துனன் வயது.
அதை வெட்டி முடிப்பதற்குள்
அவரும் போய்விட்டார் என்று துபாஷி வீட்டில் பேச்சு.

மறுமுக முத்திரையில் ஆண்டும் ஊரும்.
அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.
வந்த ஒவ்வொருவருக்கும் அதே முதலாம் ஆண்டு.

"பெயர் உறுதியாகட்டும், நிறுத்தி வைப்போமா?" என்றேன்.
கப்பலிலிருந்து வெள்ளி இறங்கியிருந்தது, எழுபது பெட்டி.
வெள்ளைக்காரக் கணக்கன் மேசையை விரலால் தட்டினான்.
சராப்பு லிங்கிசெட்டி பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கினார்:
"செத்தவர் பேரிலேயே அடி. மாற்று குறையாமல் அடி.
நாளைக்குப் பழங்காசு என்று கடைத்தெருவில்
நூற்றுக்கு ஒன்றரை வட்டம் பிடிப்பார்கள்.
பிடிக்கப்போவதும் நான்தான்."

நாற்பது நாள்
செத்தவர் சென்னப்பட்டணத்தை ஆண்டார்.
அவர் பேரால் அரிசி விற்றது.
முத்தியாலுப்பேட்டைத் தறிக்காரர்கள் முன்பணம் வாங்கினார்கள்.
பரங்கிமலையிலிருந்து நடந்துவந்த ஒருத்தி
அடகுத் தாலியை மீட்டுப்போனாள்.
ஒரு குறையும் சொல்வதற்கில்லை அந்த ஆட்சியில்.

ஆர்க்காட்டிலிருந்து அமில்தார் மீர் துராப் வந்தார்,
குத்தகைப் பணம் வாங்க.
பல்லக்கிலிருந்தபடியே ஒரு காசை எடுத்தார்.
அவருக்குப் படிக்கத் தெரியும்.
படிக்கவில்லை.
உள்ளங்கையில் இரண்டு தரம் தூக்கிப்போட்டுப் பிடித்தார்.
தில்லிக்குப் போக வேண்டிய பங்கைப் பற்றி யாரோ கேட்டதற்கு,
"வழியெல்லாம் மராட்டியர். கிருஷ்ணையில் வேறு வெள்ளம்."
வைகாசியிலும் அதையே சொன்னாராம்,
ஆற்றில் மணல் பறந்துகொண்டிருந்தபோது.

கார்த்திகை மழையில் மூன்றாவது பெயர்.
காகிதம் நனைந்து ஒரு புள்ளி இரண்டாகியிருந்தது.
எது சரி என்று முன்ஷியைக் கேட்டேன்.
"இவர் எத்தனை நாளோ. ஏதாவது ஒன்றை வை" என்றார்.

அந்த வாரம்தான் மறுமுக முத்திரை விரிசல் விட்டது.
மூன்று பெயருக்கு முதுகு கொடுத்த எஃகு.
புதிதாக வெட்ட உட்கார்ந்தேன்.

முத்திரை பெரிது, வெள்ளி வில்லை சிறிது.
சம்மட்டி இறங்கினால் எழுத்து முழுதும் விழாது,
பாதி விளிம்புக்கு வெளியே காற்றில் போகும்.
இருபது வருஷமாகத் தெரிந்ததுதான்.
பாதுஷா தம் பெயரை முழுதாக
ஒரு காசிலாவது பார்த்திருப்பாரா, சந்தேகம்.
ஊர்ப் பெயர் ஓரத்தில் கிடக்கும். வெட்டுப்பட்ட வால் மாதிரி.

கோடு கிழிக்கையில் கை
அந்தப் பெயரை ஒரு நெல்லளவு நடுவுக்குத் தள்ளியது.
சென்னப்பட்டணம். தலைமாறிக் கிடந்தாலும்
எனக்குப் படிக்க வரும் ஒரே பாரசீகம்.

முன்ஷி பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
மீர் துராப்பின் ஆள் பார்க்கவேயில்லை, எண்ணினான்.

மூன்றாமவர் நிலைத்துவிட்டார், ஆச்சரியம்தான்.
இரண்டாம் ஆண்டு வந்தது. ஒன்பதாம் ஆண்டும் வந்தது.
ஹைதராபாத்தில் ஒருவர், வங்காளத்தில் ஒருவர்,
யாருக்கும் யாரும் அடங்குவதில்லை என்று கேள்வி.
அவர்கள் ஊரிலும் அவர் பெயரில்தான் அடிக்கிறார்களாம்.

அங்கே முத்திரை வெட்டுகிறவன் யாரென்று தெரியாது.
அவன் கையும்
ஒரு நெல்லளவு நகர்ந்திருக்கும்.