அடிப்பிடித்தது

சென்னையில் எட்டு முறை கிண்டிப் பார்த்தேன்.
உளுந்து வறுபட்டது போதவில்லையோ,
வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டியோ,
கோளாறு நெய்யில்தானோ என்று
ஒவ்வொன்றாய் மாற்றினேன்.
காரைக்குடிக் கடையிலிருந்து கூரியரில் வந்த கும்மாயம்
பளபளவென்று இருந்தது,
யாரோ வசதியானவர்களின் பிள்ளைப் பிராயம் போல.

வயதானால் நாக்கின் மொட்டுகள் உதிருமாம்,
அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்.
இருக்கலாம். முடி உதிர்கிறது, அது ஏன் உதிராது?

ஆடியில் தேவகோட்டை போனேன்.
ஆத்தா நான்ஸ்டிக் சட்டியில் கிண்டினாள்.
மரக்கரண்டி, சின்னத் தீ,
ஒட்டாமல் சுருண்டு வந்தது.
"நல்லாருக்கு" என்றேன்.
"இதுவும் இல்லையா?" என்றாள்.

தங்கை சோலைதான் கேட்டாள்,
கிண்ணத்தை வழித்துக்கொண்டே:
"இதுல தீஞ்சது எங்கே?"

ஆத்தாளுக்கு
முப்பது வருஷம் கழித்துப் பிடிபட்ட முகம்.
"தெரிஞ்சேவா தின்னீங்க?
ஏலக்காயை அள்ளிப் போட்டு மறைச்சேனே!"

தெருக்குழாயில் நாலு மணிக்குத் தண்ணீர்.
முக்கால் மணி நேரம்,
அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள்.
பள்ளிக்கூடம் விடும் நேரமும் அதுதான்.
அடுப்பில் எது கொதித்தாலும்
குடம் முன்னே போகும்.

"இப்ப வேணும்னே தீய விடு" என்றேன்.
பரணிலிருந்து இரும்புச் சட்டி இறங்கியது.
மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தோம்.
தீயவில்லை.
அவள் கை தானாகக் கரண்டிக்குப் போகிறது.
"என்னை வெளியே இழுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

குழாய் இருந்த இடத்தில்
யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள்.
அதன் பக்கத்தில் போய் நின்றோம், வெறுங்கையோடு.
எந்த வீட்டிலோ மாடித்தொட்டி நிரம்பி
வழிந்துகொண்டிருந்தது.

முதலில் நெய்.
கொஞ்சம் கழித்து வெல்லம்.
அப்புறம் அது வந்தது,
ஐந்து வீடு தாண்டி, சந்தேகமே இல்லாமல்,
கருகல்.

திரும்பி ஆத்தாளைப் பார்த்தேன்.
"இங்கே வரைக்கும் வாசம் வருமா?"
"வராம?" என்றாள்.
"முன்னால இன்னும் மூணு குடம் நிக்கும்.
வரிசையை விட்டா விட்டதுதான்."

சொல்லிவிட்டு
இப்போதும் அசையாமல் நின்றாள்.
ஒரு கை இடுப்பை ஒட்டி வளைந்திருந்தது,
அதில் ஏதோ கனமாய் இருப்பது போல.

நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

அடியைத் தனக்கென்று சுரண்டிக்கொண்டாள் சோலை.
எனக்கு ஒரு கரண்டி கிடைத்தது.
கசந்தது.
இன்னும் கொஞ்சம் கேட்டேன்.