கடைமடை

மூன்று தெர்மாமீட்டர்களோடு
மோர்வென் டாட்ஸ் என் கதவைத் தட்டியபோது
இரவு ஒன்பதே கால்.
காற்று நின்றிருந்தது.
அதுதான் மோசம் என்றாள்.
வடக்கிலிருந்து இரண்டு நாள் அடித்த ஊதல்
இரைச்சலோடு வந்தது, இரைச்சலோடு போயிற்று.
இனி வருவதற்குச் சத்தம் கிடையாது.
கழுவிவிட்ட வானம்.
பூமிக்குப் போர்த்திக்கொள்ள ஒரு மேகம் இல்லை.

"என் கூரையடியில் மைனஸ் ஐந்து.
பனையின் இடுப்பில் ஏழு.
உன் வேலியோரம் ஒன்பதரை."
சாட்சிகளை நிறுத்துகிறவள் போல
மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

வேலி என்னுடையது.
போன கோடையில் நானே அடித்தது,
பலகைகளுக்கு நடுவே விரல் நுழையாது.
மேலே அவள் தோட்டம், கீழே என்னுடையது,
அதற்கும் கீழே குரிலுக்,
அப்புறம் தெரு, அப்புறம் கடல்.
"குளிரும் தண்ணீர்தான், பெசெட்.
பள்ளம் பார்த்து இறங்கும்.
நீ அணை கட்டியிருக்கிறாய்,
என் பனை அதில் கழுத்தளவு நிற்கிறது."

இந்தத் தீவில் பனை வளர்க்கிறவர்களை
ஊர் சற்றுக் கழன்றவர்களாகவே வைத்திருக்கிறது.
அக்டோபரில் பழைய சாமான் கடைகளில்
தொட்டால் சுடுகிற குண்டு பல்புச் சரம் தேடுவோம்.
புதிய எல்.இ.டி. மின்னும், சூடு தராது.
கிறிஸ்துமஸுக்கா என்பார் கடைக்காரர்.
ஆமாம் என்போம்.
எங்களுக்கு மார்ச் வரை கிறிஸ்துமஸ்.

அவளுடையது பூட்டியா, பிரேசில் தெற்கின் பிள்ளை,
பதினோரு வருடம்.
என்னுடையது காற்றாடிப் பனை.
பன்னாடையைக் கம்பளியாய்ச் சுற்றிக்கொண்டு
சீன மலைச்சரிவில் பனிபார்த்த இனம்,
அது தாங்கும் என்பது அவள் கணக்கு.
"நட்டு மூன்று வருடம்தான்" என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
கையுறையில் ஒரு விரல் கிழிந்திருந்தது.

கடப்பாரையால் அடிப்பலகை இரண்டைப் பெயர்த்தேன்.
ஆணிகள் கத்தின.
மடை திறந்தது.
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை,
கணுக்காலுக்குத் தெரிந்தது.
செருப்பைத் தாண்டி, காலுறையைத் தாண்டி,
மெதுவாக, அவசரமே இல்லாமல்,
என் தோட்டத்துக்குள் நடந்து போனது.

ரம்பத்தோடு கீழ்ப்பக்கம் போனேன்.
குரிலுக்கின் வேலிச்செடி ஆள் உயரம், ஆட்டுக்கம்பளி அடர்த்தி.
அந்தப் பக்கம் வெங்காயத்தாள் பாத்திகள்.
அவர் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது.
தட்டினால் திறந்திருப்பார்,
வெட்டு என்றுகூடச் சொல்லியிருப்பார்.
என் குளிரை இன்னொருவர் பாத்திக்குத் தள்ள
என்ன சொல்லிக் கேட்பது என்று நின்றேன்.
கேட்கத் தெரியவில்லை.
திரும்பி வந்து
என் படுக்கை மெத்தையுறையைப் பனைக்குச் சுற்றினேன்.

ஏப்ரலில் சோதனை:
குருத்தைப் பிடித்து மெல்ல இழு.
வராவிட்டால் உயிர்.
அவளுடையது வரவில்லை.
சத்தமாகச் சிரித்தாள், மேல் தோட்டத்தில், தனியாக.
என்னுடையது
உறையிலிருந்து கத்தியாய் வந்துவிட்டது.
நுனி பச்சை, அடி பழுப்பு,
புளித்த மாவின் நாற்றம்.

பார்க்க யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்டு
அதை மறுபடி குழிக்குள் செருகினேன்.
நேராகத்தான் நின்றது.
எப்படி இருக்கிறது என்றாள் பலகை ஓட்டைவழியாக.
நன்றாக இருக்கிறது என்றேன்.

மறந்துவிட்டேன்.
நவம்பரிலேயே இருவர் பனைக்கும்
குருத்தும் மட்டையும் சேருமிடத்தில்
கறுப்பு மையால் கோடு போட்டவள் அவள்.
வளர்ந்தால் கோடு ஏறும்.
மே முழுக்க என் கோடு அங்கேயே இருந்தது.

ஜூன் முதல் வாரம்
ஒரு புட்டியோடு வந்தாள்.
கேட்காமல் செத்த குருத்தை உருவி எறிந்தாள்,
குழிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினாள்.
நுரைத்துப் பொங்கியது.
நுரை அடங்கும்வரை இருவரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஜூலை முடியும்வரை ரம்பம் எடுக்காதே"
என்று மட்டும் சொன்னாள்.

இன்று ஜூலை பத்தொன்பது.
காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன்,
மாலையில் ஒருமுறை.
பலகை இரண்டும் புல்லில் கிடக்கின்றன,
அடியில் புல் வெளுத்திருக்கும்.
ஆணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.
அவள் பூனை அந்த வழியாகத்தான்
இப்போது வந்து போகிறது.