வரிசை

கான்பெராவில் ஜூலை. பார்ட்டனின் புல்வெளி
பத்து மணிக்கும் வெள்ளையாய் விறைத்துக் கிடக்கிறது.
ஐந்தாம் மாடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில்,
அறுபத்திரண்டு நாடுகளைத் திரையில்
அடுக்கி வைத்திருக்கிறேன்
தேவைப்படி.

நாற்பத்தொன்று என்றுதான் அதைச் சொல்வேன்,
அகரவரிசையில் அதன் இடம் அது.
பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.
ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் எழுபத்து மூன்று
ஐந்து வயதைப் பார்ப்பதில்லை அங்கே.
திங்கட்கிழமை வரை பட்டியலில் அதுதான் முதல்.

செவ்வாயன்று ஒரு படம் வந்தது,
வானிலிருந்து எடுத்தது. வேறொரு தீவு.
போன வருடம் வெறும் பவளப்பாறை,
இப்போது நீளமாய் ஒரு கான்கிரீட் துறை,
முனையில்
நமக்குப் பழக்கமில்லாத கொடியோடு ஒரு கப்பல்.

யாரும் குரலை உயர்த்தவில்லை.
கெர்ரின் டால்ஹர்ஸ்ட் கண்ணாடியைத் துடைத்தபடி
"அண்மைக்கு எடை கொஞ்சம் குறைவோ?" என்றாள்.
பத்து சதவீதம் இருந்தது.
முப்பத்தைந்து போடலாம் என்றார் ஒருவர்
காய்கறிக் கடையில் சொல்வதுபோல.
தட்டினேன். என் விரல்தான்.

சீட்டுக்கட்டாய்ப் புரண்டன நாடுகள்.
துறை கட்டிய தீவு மேலே வந்து நின்றது.
பொய் சொல்ல மாட்டேன், அங்கும் ஏழைகள் உண்டு,
புயலில் கூரை பறந்த பள்ளிக்கூடங்கள் உண்டு.
நாற்பத்தொன்று
பத்தொன்பதாம் இடத்தில் போய் உட்கார்ந்தது.
பணம் பதினெட்டோடு தீர்கிறது.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்கள்.
நாங்கள் பாத்திரத்தைக் கவிழ்த்து
யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்க்கிறோம்.

மதியம் வீட்டிலிருந்து அழைப்பு:
"நாகர்கோவில் செண்பகவல்லி மகளுக்குக் கல்யாணம்,
மொய் எவ்வளவு எழுதச் சொல்ல?"
"அவர்கள் நமக்கு என்ன எழுதினார்கள்?"
கேட்டு முடித்த பிறகுதான்
என் குரல் என் காதில் விழுந்தது.
மறுமுனையில் அவள்
நோட்டைப் புரட்டும் சத்தம்.

மாலை கூட்டக் குறிப்பு எழுதினேன்:
"பட்டியல் தேவையின் அடிப்படையில் திருத்தப்பட்டது."
தேவைக்கு முன்னால்
"யாருடைய" என்று ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது.
கர்சர் அங்கே கொஞ்சநேரம் துடித்தது.
சேமித்துவிட்டு இறங்கினேன்.

கார் கண்ணாடி முழுக்க உறைபனி.
சுரண்டுவதற்கு வேறெதுவும் இல்லாமல்
அலுவலக அடையாள அட்டையால் சுரண்டினேன்,
என் முகம் கீழ்ப்பக்கமாக.
எழுபத்து மூன்று, எழுபத்து மூன்று என்று
என்னை அறியாமல் கை எண்ணிக்கொண்டிருந்தது.
வீடு போய்ச் சேரும் அளவுக்கு
ஒரு சின்ன வட்டம் தெளிந்தது.
நிறுத்திக்கொண்டேன்.