ஐ உருபு

டென்மார்க்குக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும்.
மணி எட்டே முக்கால். அனுப்பர்பாளையத்தின் மேல்
பெய்வதா வேண்டாமா என்று நிற்கிறது மழை.
கீழே கடைசி ஷிப்ட். ஓவர்லாக் மிஷின்கள்
ஒன்றை ஒன்று பேசவிடாமல் பேசுகின்றன.

பதினோரு வருடக் கூட்டு. ஐந்து வரியில் முடிய வேண்டும்.
கலாமணிக்கும் எனக்கும் இடையே
கணக்கெல்லாம் தீர்ந்தது என்பதை
இங்கிலீஷில் போட்டேன்:
பிட்வீன் கலாமணி அண்ட் ஐ.

அடியில் நீலக் கோடு நெளிந்தது.
அழித்து அடித்தேன். மறுபடி நெளிந்தது,
டென்ஷன் விட்ட தையல் மாதிரி.

"மீ வரணுங்க்கா," என்றாள் தமயந்தி,
டெபிட் நோட்டுகளிலிருந்து தலை தூக்காமலே.
மீ என்றால் எனக்கென்னமோ
கடைசி பெஞ்சில் கை தூக்குகிற சத்தம்.
ஐதான் மரியாதை. ஐதான் முதலாளி.
வரியின் நடுவில் வந்தாலும்
தலை குனியாத பெரிய எழுத்து.

"அதெப்படிங்க்கா? கூட இருக்கற ஆளைத்
தூக்கிப்போட்டுப் படிச்சுப் பாருங்க.
கலாமணிக்கும் எனக்கும் அனுப்புன்னு எழுதறோம்.
கலாமணியை எடுத்துட்டா?
செண்ட் இட் டு ஐ-ன்னு சொல்லுவீங்களா?"
சொல்ல மாட்டேன்.
"அவ்வளவுதானுங்க்கா.
ஆளை எடுத்தா நாம யாருன்னு தெரிஞ்சுரும்."

எடுத்துப் பார்த்தேன்.
வாடகை ஷெட்டில் எட்டு மிஷினை இறக்கிய அன்று
தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்திருந்தவளை எடுத்தேன்.
சாயம் ஒத்துவராமல் ஒன்பதாயிரம் பீஸ் திரும்பி வந்தபோது
'நான்தானுங்க பார்க்காம விட்டேன்' என்று
என் தப்பின் எழுவாயில்
போய் உட்கார்ந்துகொண்டவளை எடுத்தேன்.
என்னைக் கேட்காமல் மைத்துனனுக்கு
இருபது லட்சம் கொடுத்தவளையும் எடுத்தேன்.
அவள் சுலபமாக வந்தாள்.

பையருக்கு எழுதும்போதெல்லாம் வீ என்றே எழுதினோம்.
வீ-யில் நாமா நாங்களா என்ற கவலை
அந்த பாஷைக்கு இல்லை.
எங்களுக்கு இருந்தது. போன ஆடியில்
'எங்க கம்பெனி' என்றாள் கலாமணி,
என்னிடமே.

பிறகு மிச்சத்தைப் படித்தேன்.
பிட்வீன் மீ.
"தமயந்தி, இது நிக்கலையே."
இப்போது தலை தூக்கினாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
"ஆமாங்க்கா... இதுக்கு மட்டும் ரெண்டு பேரும் வேணும்."
காங்கயம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று
டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

அவர்களுடைய ஐ முன்னால் வந்து நிற்கிறது.
நம்முடையது பின்னால் போய் ஒட்டுகிறது,
பட்டவர் யாரோ அவர் பெயரில்.
கலாமணியை. என்னை.
ஆறாம் வகுப்பில் ஒரே மூச்சில் ஒப்பித்தது:
ஐ ஆல் கு இன் அது கண்.
இதில் எது வந்து தொட்டாலும் நான், நானாக நிற்பதில்லை.
வெட்டிய சிங்கிள் ஜெர்சியின் ஓரம் போல
என் என்று சுருண்டுகொள்கிறது.
இதற்கு வேற்றுமை என்று பெயர் வைத்தவர்
எங்கோ ஒரு கூட்டுத்தொழிலில் இருந்திருக்க வேண்டும்.

மீ போட்டேன். கோடு அடங்கியது.
வாக்கியம் சரிதான்.
தீர்ந்தது என்ற வினையில்தான் எனக்குச் சந்தேகம்.
அதற்கடியில் கோடு போட
கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

எட்டாவதாக ஒன்று உண்டு, விளி.
உருபு கிடையாது. இகரத்தில் முடிகிற பெயரென்றால்
கடைசி எழுத்து கொஞ்சம் நீளும்.
மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.
ஆபீசில் யாரும் இல்லை. ஒருமுறை நீட்டிச் சொல்லிப் பார்த்தேன்.

கடிதம் டிராஃப்டில் கிடக்கிறது.
காலை ஆறுக்குத் தூத்துக்குடி லாரி,
பேக்கிங் லிஸ்ட்டில் இன்னும்
இரண்டு கையெழுத்துக்கான இடம்.