அறுபத்து நான்கு விழுக்காடு

கழகம் எங்களை இந்த ஓரறை வாடகை வீட்டில்
ஒன்றாகக் குடிவைத்தது.
நடுவே ஒரு பலகைத் தடுப்பு, தோளுயரம்.
சன்னல் லியூ சுன் வாவுக்கு.
கதவு எனக்கு.
கழிவறை விளக்கை அணைக்காமல் போனது யார் என்பதில் தொடங்கி
மார்ச்சிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

ஆண்டெனா பன்னிரண்டரை வெள்ளி.
தோசைக்கரண்டி அளவு, அடியில் காந்தம்.
'வீட்டுக்குள்ளேயே வைக்கலாம்' என்றது அட்டைப்பெட்டி.
யார் வீடு என்று சொல்லவில்லை.

குளிர்பதனப் பெட்டியின் தலையில் வைத்தேன்: சிக்னல் இல்லை.
கதவுக் கம்பியில் ஒட்டினேன்: பதினொன்று.
கையில் பிடித்துக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றால் நாற்பது,
ஆனால் செய்தி முடியும்வரை
எந்த மனிதன் அப்படி நிற்பான்?

பழைய பெட்டியாவது இரக்கமுள்ளது.
எறும்பு மொய்த்தாலும்
எறும்புக்குள் ஒரு முகம் அசையும்.
இது அப்படியில்லை.
வாசிப்பவரின் வாய் கன்னத்துக்கு நகரும்,
கண் சதுரமாகும்,
'பிரதமர் இன்று' என்றதோடு
உலகம் உறைந்துவிடும்.

நாலாம் நாள்
தடுப்புக்கு மேலே ஒரு கை நீண்டது.
'போலே,' என்றார், வேறெங்கோ பார்த்தபடி.
ஆண்டெனாவை வாங்கித்
தன் துண்டு காயும் சன்னல் கம்பியில் ஒட்டினார்.
அறுபத்து நான்கு.
நன்றி சொல்லலாம் என்று நினைத்தேன்.
கழிவறை விளக்கு ஞாபகம் வந்தது.

அதன்பின் தினமும் எட்டரைக்குச் செய்தி,
ஒன்பதுக்கு நாடகம்.
அந்த நேரம் அவர் சன்னலோரம்
தன் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்,
எதிர் புளோக்கின் சுவரைப் பார்த்துக்கொண்டு.
அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.
நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை குடலிறக்க அறுவைக்குப் போனார்.
எனக்குச் சொன்னது எதிர்வீட்டு ரொகாயா.

அன்றிரவு படம் நொறுங்கியது.
ஆண்டெனா அதே கம்பியில்தான், அதே துண்டுக்குப் பக்கத்தில்தான்.
இருபத்தெட்டு.
முப்பத்தொன்று.
கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினேன்.
நாற்காலியை நகர்த்தினேன், நகர்த்திய இடத்திலேயே திரும்ப வைத்தேன்.
பிறகு, கால் வலித்ததால்தான்,
அதில் உட்கார்ந்தேன்.

'...புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் மாலை பெய்த மழையால்'
என்றது குரல்,
ஒரு சொல்லும் உடையாமல்.

எழுந்தேன்: உறைந்தது.
உட்கார்ந்தேன்: மழை தொடர்ந்தது.

அலை எங்கோ பட்டுத் திரும்பி
உடம்பில் மோதி வருகிறதாம்.
வேலையிடத்து மின்பணியாளர் விளக்கினார்,
எனக்கு விளங்கவில்லை.
எனக்கு விளங்கியது வேறு:
அந்த நாற்காலியிலிருந்து
தொலைக்காட்சி தெரியாது.
தடுப்பின் பின்பக்கமும்
நான் அடித்த ஆணிகளின் முனைகளும்தான் தெரியும்.

அவருக்கு இது தெரிந்திருந்ததா,
இல்லை காற்றுக்காகத்தான் உட்கார்ந்தாரா,
கேட்க எந்த மொழியிலும் எனக்கு வாக்கியமில்லை.

மூன்று இரவும் நாடகத்தைக் காதால் பார்த்தேன்.

நாளை வருகிறார்.
தடுப்பின் ஓரத்துக்குப் பெட்டியைத் தள்ளிப் பார்த்தேன்,
இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி.
கேபிள் ஒரு முழம் போதவில்லை.
கீழே கடை பத்துக்கு மூடுவான்.
ஆணிமுனைகளை மடக்கிவிட்டு
இறங்க வேண்டும்.