நான்கு மணிக்கு முன்னால் வேண்டாம்

பையைக் காவல் கூண்டில் விட்டுவிட்டு
மேலே போனேன்.
பையோடு போனால் சம்பளம் குறையும் என்று
எஸ்தர் அக்கா சொல்லியிருந்தாள்.
நேப்பாளிக் காவலர் ஒன்றும் கேட்கவில்லை.
மேசைக்கடியில் தள்ளிவைத்தார்,
தன் குடைக்கும் சோற்றுச் சட்டிக்கும் நடுவில்.

ஜெலுத்தோங். பதினாலாவது மாடி.
யாரோ வறுத்த பெலாச்சான் வாசம்
எனக்கு முன்பே லிஃப்ட்டில் ஏறியிருந்தது.

இது மூன்றாவது வீடு.
முதல் வீட்டில் என் பல்லைப் பார்த்தார்கள்.
இரண்டாவதில், நான் போவதற்குள்
கிழவி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

இங்கே மகன் சோபாவில்.
மகள் பெர்த்திலிருந்து, கைப்பேசிக்குள்,
சீனிப் போத்தலில் சாய்ந்தபடி.
பெரியவர் பால்கனியில் சக்கர நாற்காலியில்,
முதுகைக் காட்டிக்கொண்டு,
கழுத்தில் ஒரு பைனாகுலர்.

"தூக்கத் தெரியுமா? அறுபத்தெட்டுக் கிலோ."
பாயான் லெப்பாஸில் இருபத்தாறு வருஷம்
மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து
மயிரைவிடச் சன்னமான கம்பியில்
விரிசல் தேடியவள் நான்.
தூக்கியது என் அம்மாவை.
அதற்குச் சான்றிதழ் கொடுக்க ஆளில்லை.
"தெரியும்."
"இன்சுலின்?"
"தெரியும்."
"ரொம்பக் கோபப்படுவாரு."
எனக்கும் வரும் என்று நாக்கு நுனிவரை வந்தது.
"பழகிடும்" என்றேன்.

"கல்யாணம்?" என்றது சீனிப் போத்தல்.
"ஆச்சு."
நடந்ததற்கும் முடிந்ததற்கும்
அந்த ஒரு சொல் போதும்.
"வீடு?"
"பட்டர்வொர்த்."
நேற்று வரைக்கும் அது பொய்யில்லை.

அறையைக் காட்டினார்.
இஸ்திரிப் பலகை, பிளாஸ்டிக் உறைக்குள் கிறிஸ்துமஸ் மரம்,
மிச்ச இடத்தில் ஒரு கட்டில்.
படுக்கலாம்; எழுந்து நிற்கத்தான் யோசிக்கவேண்டும்.
கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது.
அதை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

சம்பளம் பேச, தங்கையைக் கையில் எடுத்துக்கொண்டு
மகன் சமையலறைக்குள் போனார்.
பெரியவர் திரும்பாமலே சொன்னார்:
"ஆயிரத்து எண்ணூறும்பான்.
ரெண்டாயிரத்து நூறு கேளு. இருக்கு அவன்கிட்ட.
தாத்தான்னு கூப்பிடாதே, தேவசகாயம்.
கக்கூஸ் கதவைத் தட்டாம திறக்காதே."
பைனாகுலரைத் தூக்கிக் கடலைப் பார்த்தார்.
மெல்ல இறக்கினார்,
காவல் கூண்டு வரை.
"நீலப் பை. ஜிப்பு பிஞ்சிருக்கு,
கயிறு போட்டுக் கட்டியிருக்கே."

காது சுட்டது எனக்கு.
"சொல்லிடுவீங்களா?"
"என்கிட்ட யாரு, எதைக் கேட்டா?"

ஆயிரத்து எண்ணூறு வெள்ளி என்றார் மகன்.
இரண்டாயிரத்து நூறு என்றேன்,
என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.
கைப்பேசி உறைந்தது,
பெர்த்தில் ஒரு வாய் பாதி திறந்தபடி.
"ரெண்டாயிரம். அதுக்கு மேல முடியாது."
பால்கனியில் ஓர் இருமல்.
"நூறையும் சேர்த்துக் கொடுங்க" என்றேன்.

"எப்ப வருவீங்க?"
"இன்னைக்கே. வீட்டுக்குப் போய்
சாமானை எடுத்துக்கிட்டு."

கீழே, கூண்டில், இரும்பு நாற்காலி.
மணி இரண்டு பத்து.
எவ்வளவு நேரம் உட்கார்ந்தால்
பட்டர்வொர்த் போய்வந்த மாதிரி இருக்கும்?
காவலர் பிஸ்கட் நீட்டினார். நனைக்க ஒன்றுமில்லை.
மழை வருவதுபோல் வந்து
ஆயர் ஈத்தாம் பக்கம் போய்விட்டது.
அரைமணிக்கு மேல் முடியவில்லை.
பையைத் தோளில் மாட்டி எழுந்தேன்.

கூண்டுத் தொலைபேசி அடித்தது.
காவலர் கேட்டுக்கொண்டார்,
பிறகு மலாயில் எனக்குச் சொன்னார், சிரிக்காமல்:
பதினாலாம் மாடிக்காரர்.
முப்பது வருஷம் ஃபெரியில் எஞ்சின் பார்த்தவராம்.
போக, வர, வரிசையில் நிற்க,
நான்கு மணிக்கு முன்னால் யாராலும் முடியாதாம்.

உட்காரச் சொல்கிறார்.