பச்சை விழும் வரை

செல்லூர் வார்டு ஆபீஸ், விடியக்காலம் அஞ்சரை.
முகத்தைக் காட்டினால் பச்சை விழும் போன்
என் கையில். நான் மேஸ்திரி.

பஞ்சவர்ணம் முக்காட்டோடு வந்தாள்.
யாரென்று தெரியவில்லை என்றது போன்.
காய்ச்சலில் வீங்கின முகம்
பதிந்த முகத்தோடு ஒட்டவில்லை.
"இன்னொருக்கா பிடி சார்"
முக்காட்டை விலக்கிக் கண்ணை அகல விரித்தாள்.

பெரியாஸ்பத்திரிச் சீட்டு இடுப்பில் இருந்தது.
மாத்திரை மூணு வகை. கடைசி வரியில்
மூணு நாள் ஓய்வு.
மாத்திரைக்கு ஜன்னல் இருந்ததாம்.
ஓய்வை எந்த ஜன்னலில் வாங்குவது என்று கேட்டாளாம்,
வரிசையே சிரித்ததாம்.

என் போனில் ரெண்டே பொத்தான்:
வந்தார், வரவில்லை.
வராத நாளுக்குக் கூலி கிடையாது.

கொரோனாவில் எங்கள் காலில் பூத்தூவிக் கும்பிட்டது
இதே தெருதான்.
அந்தப் பூவையும் நாங்கள்தான் கூட்டினோம்.

ஆறாவது தடவை பச்சை விழுந்தது.
தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.
பனி இறங்கும் மார்கழியில்
வண்டிக் கைப்பிடி சுட்டதென்று
மாற்றிவிட வந்த சோலைராசு அப்புறம் சொன்னான்.

எனக்கும் முந்தாநாளிலிருந்து இருமல்.
போனை என் பக்கம் திருப்பி
மூச்சை அடக்கி
நின்றேன்.